சாப்பாட்டுக் காட்சி

நாடகத்தில் அந்தக் காட்சிக்கு வசனம் கிடையாது. தகப்பன் வேலையிலிருந்து ஓடி வருகிறான். பாயில் மகள் செத்துக் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பார்க்கிறாள். தகப்பன் கையை நீட்டி மறிக்கிறான். கையைக் கழுவிவிட்டு உட்காருகிறான். தாய் சோறு போடுகிறாள். சாப்பிடுகிறான். மறுபடியும் போடுகிறாள். அதையும் சாப்பிடுகிறான். திரை.

எழுதியவன் தங்கசாமி. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். தகப்பன் வேஷமும் அவனே கட்டினான். அவன் மனைவி பாலம்மாளுக்கு அந்த நாடகத்தில் மற்றக் காட்சிகள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த ஒன்று போதும்.

அது நடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மகள் கோமுவுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் பால், பார்லித் தண்ணீர், ரொட்டி. பிள்ளை சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே கிடந்தது. அதன் கண்ணில் சோறு படக் கூடாது என்று இவர்கள் இரண்டு பேரும் அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாசனை போக வாய் கொப்பளித்துவிட்டு வருவார்கள். காய்ச்சல் இறங்கியது. நாளைக்கு ஒரு பிடி குழைய வடித்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். பாலம்மாள் விடிந்ததும் உலை வைத்தாள். பிடி சோறு என்று சொல்லியும் கை கேட்கவில்லை, பானை நிறைய வடித்துவிட்டாள். இறக்கி வைத்து ஆறவிட்டிருக்கும்போது பிள்ளை வயிறு வலிக்கிறது என்றது. தறியிலிருந்து தங்கசாமி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் சமைத்தது எதையும் வைத்திருக்கக் கூடாது. சோற்றைக் கொட்டவேண்டும், குடத்துத் தண்ணீரையும் கொட்டவேண்டும். அதற்காகத்தான் எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் வந்து பானையில் கை வைத்தாள். "அத வைங்க மதினி" என்றான் தங்கசாமி. உட்கார்ந்தான். பாலம்மாள் போட்டாள். அவன் தின்றான். மூன்று வாரமாகப் பிள்ளை கேட்ட சோற்றைத் தெருவில் கொட்ட அவனால் முடியவில்லை. அதை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பானை காலியாகும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் பேசிவிட்டது. "பிள்ளையப் பாயில போட்டுட்டு உக்காந்து சோறு திங்கான். இவ என்னடான்னா அள்ளி அள்ளி வைக்கா."

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சோற்றைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. ஆறு வருஷம் கழித்து அவன் நாடகம் எழுதினான். ஒத்திகையில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது, தன்னிடம் சொல்லவேண்டியதை அவன் சொல்லிவிட்டான் என்று பாலம்மாள் நினைத்தாள். கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரில் போடுவதாக இருந்தது. ஊரும் பார்க்கும். பேசின வாயெல்லாம் பார்க்கும். அவள் அதற்குக் காத்திருந்தாள்.

ஒத்திகை நடந்தது பீர் மைதீன் கடைக்குப் பின்னால். மைக் செட்டும் டியூப் லைட்டும் வாடகைக்கு விடுகிறவர் அவர். நாடக மன்றத்துக்குச் செயலாளரும் அவர்தான். தாய் வேஷத்துக்கு மதுரையிலிருந்து விசாலம் வந்திருந்தாள். இருபது வருஷமாக எல்லா ஊர் மேடையிலும் அழுதவள்.

"யக்கா, இந்த எடத்துல நான் அழுகவா?" என்று அவள் பாலம்மாளிடம் கேட்டாள்.

"அழாதீங்க."

"பிள்ளை செத்துக் கெடக்கு. தாய்க்காரி அழுகலன்னா சனங்க என்னையத்தான ஏசும்?"

"ஏசட்டும். பானையப் பாத்துக்கிட்டே போடுங்க. அவரு மூஞ்சியப் பாக்காதீங்க."

விசாலம் அவளைக் கொஞ்சம் பார்த்தாள். அடுத்த தடவை சொன்னபடியே செய்தாள். வெறும் தட்டுதான். தங்கசாமியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

ஊரில் போடுவதற்குள் மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தது. மாம்பலத்தில் ஒரு சபா, வெளியூர் மன்றங்களுக்கு நாடக விழா வைத்தது. பீர் மைதீன் விளையாட்டுப்போல் அனுப்பி வைத்தது தேர்வாகிவிட்டது. பாலம்மாளும் ரயில் ஏறினாள். அந்தக் காட்சிக்குச் சோறு அவள்தான் வடிக்கவேண்டும்.

ரயிலில் பீர் மைதீன் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"வே தங்கசாமி, அங்கன பத்திரிகைக்காரன் வருவான். மூணாவது வரிசைன்னு பேரு வச்சு வாராவாரம் எழுதுதாம் பாரும், அந்த ஆளே வருதாராம். அவரு நல்லா இருக்குன்னு எழுதிட்டா போதும், பம்பாய் வரைக்கும் கூப்பிடுவான். ஒம்ம தறிக்கு ஒரு கும்பிடு போட்டுறலாம்."

"எழுதலன்னா?"

"எழுதுவாரு. ஒண்ணே ஒண்ணு. அந்த ஆளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். போன மாசம் ஒருத்தன் நாடகத்த வங்காளிகிட்ட திருடினதுன்னு எழுதிக் கிழிச்சுட்டாரு. எதக் கேட்டாலும் சொந்தக் கற்பனைன்னு சொல்லும். அங்க பாத்தேன், இங்க கேட்டேன்னு இழுக்காதீரும். அப்புறம் எங்க பாத்தன்னு குடைவாரு."

"சொந்தக் கற்பனை" என்று தங்கசாமி சொல்லிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் நிமிந்து சொல்லும் வே. பிடிபட்ட களவாணி மாதிரி சொல்லாதீரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாலம்மாளும் சிரித்தாள்.

சபாவில் மேடைக்குப் பின்னால் அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தபோது வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"நாடகத்துக்கு எதுக்கும்மா அடுப்பு?"

"சோறு வடிக்க."

"எதிர்ல ஓட்டல் இருக்குதே, வாங்கிக்கினா ஆச்சு."

"அது குழையாது, பல்லுல நிக்கும்" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோறு இறங்கும்வரை நின்று காவல் பார்த்தான்.

பாயில் பீர் மைதீனின் தங்கை மகள் ரசீதா கிடந்தாள். தங்கசாமி உட்கார்ந்தான். விசாலம் போட்டாள். சபாவில் யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். பிறகு அடங்கிவிட்டார். பக்கத் திரையின் இடுக்கு வழியாகப் பாலம்மாள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஓரத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட மனிதர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனசில் அது பட்டுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

நாடகம் முடிந்ததும் அவர் உள்ளே வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒப்பனைப் பவுடர் ஒட்டுவதை அவர் பொருட்படுத்தவில்லை.

"உங்க பாஷை ரொம்ப நல்லா இருக்கு. யாரும் மேடையில பேசற மாதிரி பேசல. அந்தச் சாப்பாட்டுக் காட்சி பத்தித்தான் கேக்கணும். அது எங்கயாவது பாத்ததா? கேள்விப்பட்டதா?"

பாலம்மாள் தட்டைக் கழுவிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். பீர் மைதீன் தொண்டையைச் செருமினார்.

தங்கசாமி நிமிர்ந்தான். "சொந்தக் கற்பனை சார்."

"முழுக்க?"

"முழுக்க சார்."

"அப்படியா" என்றார் அவர். ஏதோ யோசித்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நடந்ததுங்க என்று சொல்லப் பாலம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் படி இறங்கிவிட்டார். பீர் மைதீன் தங்கசாமியின் முதுகில் தட்டினார். "அப்படிச் சொல்லும் வே!"

மூன்றாம் வாரம் பத்திரிகை வந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து பீர் மைதீன் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"அரைப் பக்கம் வே! ஒம்ம பேரு நாலு எடத்துல!"

அவரே வாசித்தார். சங்கரன்கோவில் நண்பர்களுக்கு ஒரு சபாஷ். பேச்சில் பொய் இல்லை. ஆசிரியரே தகப்பனாக நடிக்கிறார், குறைவாகப் பேசி நிறைய உணர்த்துகிறார். பீர் மைதீன் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தித் தங்கசாமியைப் பார்த்தார். பிறகு அவர் குரல் இறங்கியது. நிறுத்தாமல் வாசித்தார்.

"ஆனால், பெற்ற மகளின் பிணம் எதிரே கிடக்க, சம்மணமிட்டு இரண்டு முறை சோறு வாங்கி உண்ணும் தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான்? தாய் அதைப் பரிமாறவும் செய்கிறாள். நடுவில் ஒரு பெண் பானையைத் தூக்குகிறாள், எதற்கென்று தெரியவில்லை. காட்சி தம் சொந்தக் கற்பனை என்று ஆசிரியர் என்னிடம் கூறினார். நம்புகிறேன். மற்ற இடங்களில் மனிதர்களைப் பார்த்து எழுதியவர் இங்கே மட்டும் பார்க்காமல் எழுதிவிட்டார். இதை எடுத்துவிட்டு அந்தத் தகப்பனை வாய்விட்டு அழச் செய்தால், தலைநகரின் எந்த மேடைக்கும் இந்நாடகம் தகுதி பெறும்."

தங்கசாமி பத்திரிகையை வாங்கி அந்த இடத்தை மட்டும் தானே ஒரு தரம் வாசித்தான்.

"ஒரே ஒரு எடந்தான் வே" என்றார் பீர் மைதீன். "மத்ததெல்லாம் தூக்கி வச்சு எழுதிருக்காரு. சபா செக்ரட்டரியும் சொல்லிவிட்டுருக்கான். அத மாத்திட்டா ஐப்பசியில நாலு தேதி தருதானாம்."

பாலம்மாள் அடுப்படி வாசலில் நின்றாள். "நடந்ததுன்னு அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன் அண்ணாச்சி."

பீர் மைதீன் தரையைப் பார்த்தார். பிள்ளை செத்த அன்றைக்கு அவரும் வந்திருந்தார். குழி வெட்ட ஆள் சொன்னது அவர்தான்.

"எழுதலாம் தங்கச்சி. கற்பனைன்னு இவரு வாயாலயே சொல்லியாச்சு. இப்பப் போய் மாத்தி எழுதினா, நாடகத்துக்காவப் பிள்ளையச் சாவடிச்சுட்டாம் பாருன்னு சொல்லுவான்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "யா அல்லா. என் நாக்குல..." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, தறிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டே தங்கசாமி சொன்னான்.

"எந்த ஊர்ல இருக்காம்னு கேட்டுட்டாரே."

"இந்த ஊர்ல இருக்காம்னு சொல்லுங்க."

"வெளயாட்டு இல்லட்டி. படிச்ச மனுசன். ஆயிரம் நாடகம் பாத்தவரு. அவருக்கே தோணுதுன்னா..." பொத்தானைப் போடாமல் நின்றான். "பசியிலதான் தின்னேனோ என்னமோ. எனக்கே இப்ப நெனப்பு வரமாட்டேங்கு."

"பசியில தின்னா எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான போட்டேன்."

ஆறு வருஷத்தில் அதைப் பற்றி அவர்கள் பேசியது அப்போதுதான். தங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்ட்டி போட்ட?"

"நீங்க உக்காந்தீங்க."

"உக்காந்தா? கையத் தட்டிவிட்டுருக்கலாம்லா. இப்படித் திங்கியேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. திங்கக் கூடாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு, மெட்ராஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல."

பொத்தானைப் போட்டான். போய்விட்டான்.

பாலம்மாள் அன்றைக்கு முழுவதும் தறிக்கு நூல் தார் சுற்றினாள். நூல் அறுந்த இடங்களில் முடிச்சுப் போட்டாள். ஏன் போட்டாய் என்ற கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனாவது கேட்கமாட்டான் என்று இருந்தாள்.

புதுக் காட்சியை அவன் ஒரு வாரத்தில் எழுதிவிட்டான். தகப்பன் ஓடி வருகிறான். மகள்மேல் விழுந்து அழுகிறான். ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு. ஒத்திகையில் அவன் மேலே விழுந்ததும் ரசீதாவுக்குக் கூச்சம் பொறுக்கவில்லை. சிரித்துவிட்டாள். மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் சிரித்தாள். கடைசியில் பாயில் ஒரு தலையணையை வைத்துத் துணியால் போர்த்தினார்கள்.

விசாலம் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"யக்கா, சோறு இல்லையாமே."

"இல்லையாம்."

"அழுகச் சொல்லிட்டாக. எனக்கு அழுக வரும். அதுல ஒண்ணும் இல்ல." சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒத்திகைக்கு வரலியேன்னு பாத்தேன்."

"வேலை கெடக்கு" என்றாள் பாலம்மாள். விசாலத்துக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, போகும்போது விசாலம் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஆடித்தபசுக்குக் கூட்டம் வந்திருந்தது. கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர் பஸ்ஸெல்லாம் கூரைவரை ஆள். சப்பரம் போன கையோடு, இருட்டிய பிறகு நாடகத்துக்கு மணி அடித்தார்கள். "மெட்ராஸ் பத்திரிகை பாராட்டிய நாடகம்" என்று பீர் மைதீன் மைக்கில் மூச்சுவிடாமல் சொன்னார். பாலம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் முத்துமாரியம்மாள், மடியில் பொரிகடலையோடு.

அந்த இடம் வந்தது. தங்கசாமி ஓடி வந்தான். நின்றான். ஒரு நொடி, அவன் கையைக் கழுவப் போகிறான் என்று பாலம்மாளுக்குத் தோன்றியது. அவன் தலையணைமேல் விழுந்தான். "யாத்தா கோமு" என்று கத்தினான். நாடகத்தில் பிள்ளைக்கு வேறு பேர். ஆர்மோனியக்காரர் பாட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் பாடவில்லை. தலையணையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டு, ஆடி ஆடி அழுதான். ஆர்மோனியம் இரண்டு தரம் எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றுபோனது. விசாலம் தன் அழுகையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் பக்கம் முழுவதும் மூக்கை உறிஞ்சியது. முத்துமாரியம்மாள் முந்தியால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்படித்தாம்ட்டி புரண்டான். எங்கண்ணு முன்னால நிக்கி. ஆம்பளை அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்."

"அவரு சாப்பிட்டாருக்கா" என்றாள் பாலம்மாள்.

"என்னது?"

"அன்னைக்கு அவரு அழல. சாப்பிட்டாரு. நீங்கதான பானையத் தூக்க வந்தீங்க."

"நானா? நான் பிள்ளைக்குக் கால்வெரலச் சேத்துல்லா கட்டிக்கிட்டிருந்தேன்." முத்துமாரியம்மாள் அவள் முதுகைத் தடவினாள். அந்தத் தடவலில் கள்ளம் இல்லை. "யாரோ சொன்னத மனசுல போட்டுக்கிட்டுப் பேசாதட்டி. பெத்த தகப்பன் திம்பானா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது. கண்ணத் தொடச்சுக்கோ."

பாலம்மாளின் கண்ணில் துடைக்க ஒன்றும் இல்லை. அவள் மேடையைப் பார்த்தாள். திரை இறங்கிக்கொண்டிருந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை.

நாடகம் முடிந்ததும் ஆட்கள் மேடையேறித் தங்கசாமிக்கு மாலை போட்டார்கள். அவற்றைக் கழற்றாமலே அவன் இறங்கி வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளைத் தேடி வந்தான். மை கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்போல, பாரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாட்டு வரல. என்ன செஞ்சும் வரல. அன்னைக்கு அழாததெல்லாம் சேந்து வந்துட்டு பாலு." மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அந்த மனுசன் சொன்னது சரிதாம்ட்டி. பாக்காம எழுதினதுதான் அது. அவருக்கு எழுதிப் போடணும்."

"எழுதுங்க" என்றாள்.

"நீ அழுதியா?"

அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அது தேவையாக இருந்தது.

"பக்கத்துல எல்லாரும் அழுதாங்க."

அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். பீர் மைதீன் மேடையிலிருந்து போட்டோ பிடிக்கக் கூப்பிட்டார். அவன் மாலைகளைச் சரிசெய்துகொண்டு போனான்.